நிலமா, சிலையா, கல்லூரியா? ஒரு சிறு சமூகம் தன் போர் நினைவைக் காக்கும் வழிகள்

போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு சின்னச் சமூகம், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எப்படி ஒரு நினைவிடம் எழுப்புவது? பெரிய நாடுகள் எல்லாவற்றையும் செய்துகொள்ளும். சின்ன இடத்தில் ஒன்றைச் செய்தால் இன்னொன்றை விடவேண்டி வரும். நிலத்தை வாங்கிப் பூங்காவாக வைப்பதா, ஊர் நடுவில் சிலை வைப்பதா, பள்ளியோ கல்லூரியோ கட்டி அதற்கு மறைந்தவர்களின் நினைவைச் சூட்டுவதா? இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இன்று கனடாவின் பகுதியாக உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். இந்த மூன்றையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், 1924, 1925-ல், அவர்கள் செய்து முடித்தார்கள். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. எது எப்படித் தாங்கியிருக்கிறது என்பதை இப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

அந்தத் தீவின் பெயர் நம்மவர்களில் பலருக்கு 1986 ஆகஸ்டில்தான் தெரியவந்தது. 155 ஈழத் தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அட்லாண்டிக் மூடுபனிக்குள் தத்தளித்தபோது, அவர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் அங்குள்ள மீனவர்கள். அந்த மீனவர்களின் பாட்டன்மார் தலைமுறையின் கதை இது.

1914-ல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் பகுதி அல்ல. பிரிட்டிஷ் பேரரசுக்குள் ஒரு தனி டொமினியன், அதாவது தன்னைத்தானே ஆண்டுகொண்ட நாடு. மக்கள்தொகை சுமார் இரண்டரை லட்சம்தான். காட் மீனைப் பிடித்து, உப்பிட்டு உலர்த்தி விற்பதுதான் பெரும்பாலோருக்குப் பிழைப்பு. சொந்தமாக நிலப்படை கிடையாது. முதல் உலகப் போர் வந்ததும் அவசர அவசரமாக ஒரு படைப்பிரிவைத் திரட்டினார்கள். காக்கித் துணி கிடைக்காததால் முதலில் சேர்ந்தவர்கள் காலில் நீலப் பட்டி சுற்றிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். துருக்கியின் கலிப்போலியில் சண்டையிட்டார்கள். அப்புறம் பிரான்சுக்கு வந்தார்கள்.

1916 ஜூலை 1, சோம் போர்முனை, போமோன்-ஹாமெல் கிராமத்துக்கு அருகே. காலை 7.20-க்கு ஜெர்மன் அரண் ஒன்றின் அடியில் வைத்திருந்த கண்ணிவெடியை வெடித்தார்கள். தாக்குதல் தொடங்கியதோ 7.30-க்கு. அந்தப் பத்து நிமிடம் எதிரிக்குப் போதுமானதாக இருந்தது. முதலில் போனவர்கள் விழுந்தார்கள். நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களுக்கு 9.15-க்கு உத்தரவு வந்தது. அவர்கள் இருந்தது 'செயின்ட் ஜான்ஸ் ரோடு' எனப்பட்ட பின்வரிசைக் குழி. முன்வரிசைக்குப் போகும் இணைப்புக் குழிகள் எல்லாம் காயம்பட்டவர்களாலும் பிணங்களாலும் அடைத்துக் கிடந்தன. வேறு வழியில்லாமல் மேலே ஏறி வெட்டவெளியில், சரிவில், நடந்து இறங்கினார்கள். தங்கள் படை எங்கே போகிறது என்பது பின்னாலிருந்து தெரியவேண்டும் என்பதற்காக முதுகில் தகர முக்கோணம் கட்டியிருந்தார்கள். காயம்பட்டுக் கவிழ்ந்து கிடந்தவர்களை வெயிலில் அதுவே காட்டிக்கொடுத்தது. பனிப்புயலுக்கு எதிரே நடப்பவர்கள்போல் தாடையைத் தோளில் புதைத்துக்கொண்டு போனார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சுமார் 800 பேர் போனார்கள். மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். ஏயர் என்ற ஒரே குடும்பம் அன்று நால்வரை இழந்தது. மூவர் இந்தப் படைப்பிரிவில், ஒருவர் வேறொரு பிரிட்டிஷ் பிரிவில்.

இரண்டரை லட்சம் பேர் உள்ள ஒரு நாட்டில் இந்த எண்ணிக்கை என்றால் என்ன அர்த்தம்? தந்தி வராத மீனவக் குப்பம் அரிது. நினைவிடம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்காது. எப்படிப்பட்டது, எங்கே என்பதுதான் கேள்வி.

ஊர் நடுவில் சிலை

தலைநகரான செயின்ட் ஜான்ஸில், துறைமுகத்தைப் பார்த்தபடி, வாட்டர் தெருவுக்கும் டக்வொர்த் தெருவுக்கும் இடையே தேசியப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1924 ஜூலை 1 அன்று, போரில் பிரிட்டிஷ் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் ஹெய்க் திறந்துவைத்தார். மேலே தீப்பந்தமும் வாளும் ஏந்திய பெண் உருவம். கீழே ஒரு சிப்பாய், ஒரு கடற்படை வீரர், ஒரு மீனவர், ஒரு மரவெட்டி. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த மரவெட்டியும் மீனவரும்தான். மீனவர் வணிகக் கப்பல்களில் போனவர்களுக்காக நிற்கிறார். மரவெட்டி, ஸ்காட்லாந்துக் காடுகளில் போருக்காக மரம் வெட்டப் போன வனப் படையினருக்காக. துப்பாக்கி எடுத்தவரை மட்டும் உயர்த்தாமல் உழைத்தவரையும் பக்கத்தில் நிறுத்திய நல்ல மனது அது.

சிலையின் பலம் அதன் கிட்டத்தில் இருக்கிறது. கடலோரக் குப்பத்தில் இருந்த ஒரு தாய் பிரான்சுக்குப் போயிருக்கவே முடியாது. கப்பல் கட்டணம் அவள் குடும்பத்தின் வருடக் கணக்கான மீனுக்குச் சமம். அவள் ஒரு பூவைக் கொண்டுவந்து வைப்பதற்குத் தன் நாட்டிலேயே ஓர் இடம் வேண்டும். இன்றும் ஜூலை 1 அன்று அங்கே கூடுகிறார்கள். கனடா முழுவதும் அது கொண்டாட்ட நாள். நியூஃபவுண்ட்லாந்தில் மட்டும் காலையில் சட்டையில் நீல நிற 'என்னை மறவாதே' பூவைக் குத்திக்கொண்டு துக்கம், மதியத்துக்கு மேல்தான் கொண்டாட்டம்.

பலவீனம் என்ன என்றால், சிலை நடந்ததைச் சொல்லாது. தியாகம், வீரம், விடுதலை என்று பொதுவாகச் சொல்லும். இணைப்புக் குழி அடைத்துக் கிடந்ததால் வெட்டவெளியில் நடந்தார்கள் என்பதை எந்த வெண்கலமும் சொல்லாது. இன்னொன்று: நூறாண்டு நின்ற பிறகும் அந்தச் சின்னத்துக்கு ஒரு குறை இருந்ததாக அந்த மக்களே உணர்ந்தார்கள். 2024-ல் பெயர் தெரியாத ஒரு நியூஃபவுண்ட்லாந்துச் சிப்பாயின் எச்சத்தை வட பிரான்சிலிருந்து கொண்டுவந்து, சரியாக நூறாவது ஜூலை 1 அன்று, அதே இடத்தில் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். சிலைக்கு அடியில் ஓர் உடல் வேண்டியிருந்தது. இதை நான் சிலைக்கு எதிரான வாதமாகச் சொல்லவில்லை; சிலை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது என்றுதான் சொல்கிறேன்.

கல்லூரி

1925 செப்டம்பரில் 'மெமோரியல்', அதாவது 'நினைவு', கல்லூரி ஐம்பது சொச்சம் மாணவர்களோடு தொடங்கியது. அதுவரை அந்தத் தீவில் உயர்கல்வி நிறுவனமே கிடையாது. படிக்கவேண்டும் என்றால் வெளிநாடு போகவேண்டும். 1949-ல் அது பல்கலைக்கழகமானது. கிழக்குக் கனடாவின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று இன்று.

பயன் என்ற அளவுகோலை வைத்தால் கல்லூரிக்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. இறந்தவர்கள் இளைஞர்கள், அவர்கள் பெயரில் இளைஞர்களைப் படிக்கவைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏழைச் சமூகத்தில் 'சிலைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டலாமே' என்று கேட்பவரை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. அது நேர்மையான கேள்வி.

ஆனால் பயன்படும் நினைவிடத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. பயன் வளர வளர, நினைவு பெயர்ப்பலகைக்குள் ஒடுங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூசிலாந்தில் இது பெரிய அளவில் நடந்தது. ஊர்கள் திரட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு ஒரு பவுண்டு தரும் திட்டத்தில் நினைவு மண்டபங்கள் எழும்பின. கல்யாணம், நாட்டியம், ஊர்க்கூட்டம் எல்லாம் அங்கேதான். நல்ல விஷயம்தான். கட்டடம் பழசானதும், நிலநடுக்கத்தைத் தாங்குமா என்ற கேள்வி வந்ததும், 'இதை இடித்துப் புதிதாகக் கட்டலாமா' என்று பேசுவது எளிதாகிவிடுகிறது. மண்டபத்தை மண்டபமாகத்தான் மதிப்பிடுவார்கள்; கூரை ஒழுகினால் மாற்றத்தானே வேண்டும்? பயனுக்காகக் கட்டியதைப் பயன் முடிந்ததும் காப்பாற்றுவது கடினம்.

நிலம்

தாமஸ் நாங்கிள் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்; படைப்பிரிவின் ஆன்மிக ஊழியராக இருந்தவர். போர் முடிந்ததும் போர்க்கல்லறை ஆணையத்தில் நியூஃபவுண்ட்லாந்தின் பிரதிநிதியானார். அவருக்கு ஒரு பிடிவாதம்: போமோன்-ஹாமெலில் அவர்கள் விழுந்த அந்தச் சரிவையே வாங்கவேண்டும். அது சிதறிக்கிடந்த நிலம். சுமார் 250 பிரெஞ்சு விவசாயிகளிடம் துண்டு துண்டாகப் பேசவேண்டியிருந்தது. அரசுப் பணத்தோடு நியூஃபவுண்ட்லாந்துப் பெண்கள் திரட்டிய பணமும் சேர்ந்தது. சுமார் 74 ஏக்கர் கைக்கு வந்தது. 1925 ஜூன் 7 அன்று பூங்கா திறக்கப்பட்டது. அதையும் ஹெய்க்தான் திறந்தார். அன்றைய தாக்குதல்களுக்கு உத்தரவிட்ட தளபதி அவர் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

செயின்ட் ஜான்ஸில் பௌரிங் பூங்காவை அமைத்த ருடால்ஃப் கோகியுஸ் என்ற டச்சுக்காரரை வடிவமைக்க அழைத்தார்கள். பூங்காவுக்குள் பாறைகளை அடுக்கி ஒரு குன்று. அதன் உச்சியில் வெண்கலக் கரிபு மான், தலையை உயர்த்தி எதிரியின் பக்கமாகப் பார்க்கிறது. சிற்பி பேசில் காட்டோ. கரிபு அந்தப் படைப்பிரிவின் சின்னம். குன்றைச் சுற்றி அந்தத் தீவின் செடிகொடிகள். அடிவாரத்தில் மூன்று வெண்கலப் பலகைகள். கல்லறை இல்லாமல் போன 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். சிப்பாய்கள் மட்டுமல்ல, கடலில் போன கடற்படையினரும் வணிகக் கப்பல்காரர்களும் அதில் இருக்கிறார்கள். பூங்காவைச் சுற்றி 5,000-க்கும் மேற்பட்ட மரங்களை நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். வீடு திரும்ப முடியாதவர்களிடம் வீட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

குன்றின் மேல் ஏறி நின்றால் முழுச் சரிவும் தெரியும்: புல் மூடிய குழிகள், அம்மைத் தழும்புபோல் குண்டு விழுந்த பள்ளங்கள், பாதித் தூரத்தில் ஒரு பட்டமரம். 'ஆபத்து மரம்' என்று பெயர். அதைத் தாண்டியவர்கள் மிகக் குறைவு. முன்வரிசைக் குழியிலிருந்து அந்த மரம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் 68 என்ற எண்ணுக்கு விளக்கம் தேவைப்படாது. சிலையாலும் கல்லூரியாலும் கொடுக்க முடியாதது இது. தூரம், சரிவு, மறைவில்லாத வெளி ஆகியவைதான் அன்று அவர்களைக் கொன்றன. அவை மூன்றும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

ஒரு சின்னச் சமூகத்தின் பூங்காவாக இருந்தாலும் அது அந்தச் சமூகத்துக்கு மட்டும் உரியதாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1916 நவம்பரில் அந்த இடத்தைக் கைப்பற்றிய ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் நினைவுச் சின்னம் உள்ளேயே இருக்கிறது. ஹண்டர்ஸ் கல்லறை வட்ட வடிவமாக இருக்கும். ஒரு பெரிய குண்டுப் பள்ளத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டவர்கள் அவர்கள். ஜெர்மானியர்களின் குழிகளும் அதே நிலத்தில்தான். நிலத்தைக் காத்தால் எதிரியின் கதையும் அண்டை வீட்டாரின் கதையும் சேர்ந்தே காக்கப்படுகிறது. சிலை எழுப்பும் குழுவில் இப்படி ஒரு இடத்தை மற்றவர்களுக்கு ஒதுக்கச் சொன்னால் சண்டைதான் வரும்.

குறைகளும் சின்னவை அல்ல. தூரம் முதல் குறை. பணம் அதைவிடப் பெரிய குறை. போர்க் கடனும் ரயில்பாதைக் கடனும் சேர்ந்து அழுத்த, 1934-ல் நியூஃபவுண்ட்லாந்து திவாலின் விளிம்பில் தன் சுயாட்சியையே கைவிட நேர்ந்தது. 1949-ல் கனடாவோடு சேர்ந்தபோது பூங்காவின் பராமரிப்பும் கனடாவின் கைக்குப் போனது. 1997 முதல் அது கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம். கனடா மண்ணுக்கு வெளியே அந்தத் தகுதி பெற்றவை அதுவும், பிரான்சிலேயே கனடியப் படை சண்டையிட்ட விமி போர்க்களமும்தான். அதாவது, வாங்கிய சமூகத்தால் தனியாகக் கடைசிவரை சுமக்க முடியவில்லை. நிலம் வாங்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்கவேண்டும்.

இருந்தாலும் மூன்றில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் நான் நிலம் என்றுதான் சொல்வேன். காரணம் ஒன்றே ஒன்று. சிலையை எந்த வருடமும் வைக்கலாம். கல்லூரியை எந்த வருடமும் கட்டலாம். நிலம் காத்திருக்காது. போர் முடிந்ததும் சோம் விவசாயிகள் திரும்பி வந்தார்கள். குழிகளை மூடினார்கள், கம்பிகளைச் சுருட்டினார்கள், உழுதார்கள். அவர்களைக் குறைசொல்லவே முடியாது. அவர்களுக்கும் அதுதான் பிழைப்பு. நாங்கிள் பத்து வருடம் தாமதித்திருந்தால் வாங்குவதற்குக் கோதுமை வயல்தான் மிஞ்சியிருக்கும். அதே சோமில் அதே நாளில் இதைவிடப் பல மடங்கு பேர் இறந்த எத்தனையோ சரிவுகள் இன்று வெறும் வயல்கள்.

வாங்கிய பிறகு எப்படி வைப்பது

இங்கேதான் பல சமூகங்கள் தடுமாறுகின்றன. நிலம் கிடைத்துவிட்டது, இனி அதை அழகுபடுத்துவதா, பழையபடி திருப்பிக் கட்டுவதா, அப்படியே விடுவதா?

திருப்பிக் கட்டியதற்கு உதாரணம் விமியில் இருக்கிறது. பதுங்குகுழியின் ஓரங்களில் மணல் மூட்டைகளின் வடிவில் கான்கிரீட்டை அடுக்கியிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் டிக்ஸ்முய்டே ஊருக்கு அருகில் உள்ள 'மரணக் குழி'யிலும் இதே முறை. பார்க்கப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குழியின் உயரமும் வளைவுகளும் சட்டென்று புரியும். சரிந்து விழாது. ஆனால் கான்கிரீட் மூட்டை சண்டை நடந்த காலத்தின் பொருள் அல்ல. சேறும் எலியும் அழுகலும் இருந்த இடத்தை அது சுத்தமான நடைபாதையாக்கிவிடுகிறது. ஒருமுறை ஊற்றிய கான்கிரீட்டைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

அப்படியே விட்டுவிட்டால்? மழை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மண்ணைக் குழிக்குள் தள்ளும். புதர் மண்டும். மரம் முளைத்து வேர் விடும். சில தலைமுறைகளில் அது சாதாரணக் காடு.

போமோன்-ஹாமெல் எடுத்தது மூன்றாவது வழி. குழிகளைப் புல் மூடியிருக்கிறது. புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பகுதியை வேலியிட்டு மூடியிருக்கிறார்கள். நிலத்துக்கடியில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன என்பதும் ஒரு காரணம். புல்லை மேய்ந்து கட்டுப்படுத்துவது செம்மறி ஆடுகள். எந்திரத்தின் எடை கரைகளை இடிக்கும், ஆட்டின் கால் அவ்வளவு சேதம் செய்யாது. மக்கள் நடக்கக் குறித்த பாதைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட சில குழிகளுக்குள் இறங்கிப் போகலாம். மற்ற இடங்களைப் பார்க்க மட்டும்தான். தொல்சின்னப் பராமரிப்பில் ஆஸ்திரேலியர்கள் 1979-ல் பர்ரா என்ற ஊரில் வகுத்த சாசனம் ஒன்று உண்டு. தேவையான அளவுக்கு மட்டும் கைவை, முடிந்தவரை குறைவாகக் கைவை என்பது அதன் சாரம். ஆடு மேய்வது அதற்கு நல்ல செயல்முறை விளக்கம்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. அந்த 5,000 மரங்கள் 1916-ன் நிலக்காட்சியில் இல்லாதவை. போர்க்களத்தை உள்ளது உள்ளபடி காட்டவேண்டும் என்று கறாராக இருந்தால் அவற்றை வெட்டவேண்டும். எனக்கு அது தவறாகவே படுகிறது. பூங்காவில் இரண்டு அடுக்கு மரபு இருக்கிறது: 1916-ல் நடந்த சாவு, 1925-ல் ஒரு சமூகம் அதற்கு அழுத விதம். தாய்நாட்டு மரத்தை நட்டவர்களின் துக்கமும் குழிகளைப் போலவே ஆவணம்தான். பட்டுப்போகும் மரத்தின் இடத்தில் அதே வகை மரத்தை நடுவதும், குழிகளின் விளிம்பில் தானாக முளைப்பதை அகற்றுவதும் போதும். ஆஸ்திரேலியாவின் பல்லரட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வருகிறது. அங்கே 1917 முதல் 1919 வரை, போருக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என்று சுமார் 22 கிலோமீட்டர் சாலையோரம் 3,700-க்கும் மேல் நட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் முன்னின்று செய்த வேலை. மரமே நினைவிடம் என்பதால் மரம் சாகும்போது ஒரு மனிதனின் பெயர் விழுகிறது. மரம் நட்டு நினைவிடம் அமைப்பவர்கள், மறுநடவுக்கான செலவை நடும் நாளிலேயே ஒதுக்கவேண்டும்.

யாருக்கு எது

சம்பவம் நடந்த இடம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து, அது இன்னும் உழப்படாமலோ கட்டடம் எழும்பாமலோ இருந்தால், யோசிக்கவே வேண்டாம், நிலத்தை முதலில் பத்திரப்பதிவு செய்யுங்கள். சிலையும் வளைவும் பிறகு வரட்டும். ஐம்பது சென்ட் கிடைத்தாலும் போதும். அளந்து வரைபடமாக்கி, எது எங்கே நடந்தது என்று நேரில் கண்டவர்கள் இருக்கும்போதே குறித்துவைப்பது முதல் வேலை. அழகு விளக்கு, சிமெண்டுத் தரை, செயற்கை நீரூற்று இவற்றுக்கு நன்கொடை தருகிறேன் என்று யாராவது வந்தால் பணிவாக மறுத்து, வேலிக்கும் வடிகாலுக்கும் கேளுங்கள்.

இடம் கடல்தாண்டி இருந்தால், அல்லது போகவே முடியாத நிலை என்றால், பெயர்கள் பொறித்த ஒரு சின்னக் கல்லை வீட்டருகே வைப்பதுதான் முதல் வேலை. பெற்றவர்களுக்கு வயதாகிறது, அவர்கள் காலத்தில் அவர்கள் தொடக்கூடிய ஒன்று வேண்டும். நிலத்துக்கு முதலிடம் என்று நான் சொன்னதற்கு நான் ஏற்கும் ஒரே விலக்கு இதுதான்.

படிக்க வசதியில்லாத பிள்ளைகள் உள்ள சமூகம் கல்லூரியையோ நூலகத்தையோ தேர்ந்தெடுப்பதை நான் மதிக்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும்: வருடத்துக்கு ஒரு நாள், அந்த வளாகத்தில், ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிப்பதை நிறுவன விதியிலேயே எழுதிவிடவேண்டும். நிர்வாகிகள் மாறுவார்கள், விதி இருந்தால் யாராவது கேட்பார்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஆள் செலவைக் கணக்கில் சேருங்கள். போமோன்-ஹாமெலில் வழிகாட்டிகளாக நிற்பவர்கள் கனடாவிலிருந்து வரும் மாணவர்கள். அந்தச் சரிவில் விழுந்தவர்களில் பலருக்கும் ஏறத்தாழ அதே வயது. அவர்களை அனுப்புவதற்கும் தங்கவைப்பதற்கும் ஆகும் பணம் வெண்கலத்துக்கு மெருகேற்றும் பணத்தைவிடக் கட்டாயம் அதிகமாக இருக்கும். பட்ஜெட்டில் அந்த வரியை வெட்டவேண்டும் என்று யாராவது சொன்னால், வேறு எதையாவது வெட்டச் சொல்லுங்கள்.